டோக்கியோவில் லைவ் மியூசிக் கேட்க எங்கே போகலாம்? (நிஷிகசாய்க்காரங்க சொல்லுங்க)

கத்திப்பாரா:
வணக்கம் மக்களே. கம்பெனி மாற்றல்ல டோக்கியோ வந்தாச்சு. வழக்கம்போல நிஷிகசாய்லதான் வீடு. மளிகைக்கடைக்குப் போனா தமிழ்க்குரல் கேட்குது, அந்தவரைக்கும் சந்தோஷம். எனக்கு வேண்டியது வேற. ராத்திரி ஒரு இடத்துல உட்கார்ந்து, ஆளுங்க நேர்ல வாசிக்கிறதைக் கேட்கணும். ஜாஸ், ப்ளூஸ், ராக் எதுவானாலும் சரி. டிஜே மட்டும் வேண்டாம்.

ஆபீஸ்ல யாரைக் கேட்டாலும் ரொப்போங்கி ரொப்போங்கின்னே சொல்றாங்க. போய்ப் பார்த்தேன். நாலடி வைக்கிறதுக்குள்ள ஒருத்தன் தோள்ல கையைப் போட்டு "வாங்க பிரதர், ஒரே ஒரு பீர்"ங்கிறான். திரும்பி வந்துட்டேன்.

ஒரு ராத்திரிக்கு 5,000 யென் வரைக்கும் செலவு பண்ணலாம். பீர் ஒண்ணு ரெண்டு, அதுக்கு மேல பழக்கமில்லை. ஜப்பானிய மொழி "சுமிமாசென்" அளவுக்குத்தான்.

பழைய பெருச்சாளி:
தம்பி, உங்க வீட்டு வாசல்ல ஓடுற ரயிலோட அருமை உங்களுக்குத் தெரியலை. தோசாய் லைன் நாகானோவோட முடியுதுன்னுதான் பாதிப் பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க. ஆனா நிறைய வண்டி அங்கிருந்து ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) தண்டவாளத்துல ஏறி மிதாகா வரைக்கும் போகும். நிஷிகசாய்ல ஏறி உட்கார்ந்தா மாறவே வேண்டாம்: கோஎஞ்சி, அசகாயா, ஒகிகுபோ, நிஷி-ஒகிகுபோ, கிச்சிஜோஜி. டோக்கியோவோட பாதி சங்கீதம் இந்த அஞ்சு ஸ்டேஷனுக்குள்ள இருக்கு. பலகையில "மிதாகா"ன்னு போட்ட வண்டியாப் பார்த்து ஏறணும், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். சனி ஞாயிறுல சுவோ லைன் ரேபிட் வண்டி கோஎஞ்சி, அசகாயா, நிஷி-ஒகிகுபோல நிக்காது. ஷிஞ்சுக்குல இருந்து ஆரஞ்சு வண்டில ஏறிட்டு, ஸ்டேஷன் ஜன்னல்ல பறக்கிறதைப் பார்த்து முழிக்கிறவங்க உண்டு. தோசாய் வண்டி லோக்கல் தடத்துல போறதால எல்லாத்துலயும் நிக்கும்.

இடம்: கோஎஞ்சில ஜிரோகிச்சி. 1975-ல இருந்து நடக்குது. ப்ளூஸ், சோல், ஃபங்க். வாசிக்கிறவங்க எல்லாம் தொழில்முறை ஆட்கள். பெரிய பாடகர்களுக்கு ஸ்டுடியோவுல வாசிச்சுட்டு இங்க வந்து தங்களுக்காக வாசிப்பாங்க. நிஷி-ஒகிகுபோல அகெதா நோ மிசே, ஜாஸ், 1974. பெயர்ப்பலகை தவறிட்டா தாண்டிப் போயிடுவீங்க, அவ்வளவு சின்ன இடம். கிச்சிஜோஜில சம்டைம், இதுவும் 1975. அங்க மேடைன்னு தனியா ஒண்ணும் இல்லை. நடுத் தரையில பியானோ, சுத்தி நாம. பியானோக்காரர் முதுகுக்குப் பின்னால இடம் கிடைச்சா விடாதீங்க, கை ரெண்டும் தெரியும்.

ப்ளூ நோட் (மினாமி அயோயாமா, 1988), மருனோஉச்சில காட்டன் கிளப், ரொப்போங்கி மிட்டவுன்ல பில்போர்டு லைவ் எல்லாம் உங்க பட்ஜெட்டுக்கு ஒத்துவராது. வெளிநாட்டுப் பெரிய ஆள் வந்தா டிக்கெட் மட்டுமே பத்தாயிரத்தைத் தொடும், சாப்பாடு தனி. ஆனா சவுண்டு சுத்தமா இருக்கும், குறை சொல்ல முடியாது. போனஸ் மாசத்துல ஒருதரம் போங்க.

நிலா_கசாய்:
பெருச்சாளி அண்ணா ஜாஸ் பக்கமே சொல்லிட்டாங்க. ராக், இண்டி, பங்க் வேணும்னா ஷிமோகிதசாவா, ஷிபுயா, அதே கோஎஞ்சி. ஷிமோகிதால ஷெல்ட்டர் 1991-ல ஆரம்பிச்ச இடம். ஷிஞ்சுக்கு கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோல இருக்கிற லாஃப்ட்டோட சரித்திரம் 1976-ல தொடங்குது. ரெண்டுமே தரைக்குக் கீழ. இங்க முக்கால்வாசி லைவ் ஹவுஸ் (பேண்டுங்க நேர்ல வாசிக்கிற சின்ன அரங்கு) பேஸ்மென்ட்லதான் இருக்கும், மேல குடியிருக்கிறவங்க தூங்கணுமே.

முதல்தடவை போறவங்க வாசல்ல தடுமாறுவாங்க, அதனால சொல்றேன். டிக்கெட் மேஜைல பணத்தை நீட்டினதும் "இன்னிக்கு எந்த பேண்டைப் பார்க்க வந்திருக்கீங்க?"ன்னு கேட்பாங்க. எல்லாத்தையும் பார்க்கத்தான்னு சொல்லாதீங்க, ஏதாவது ஒரு பேண்டு பேரைச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு ஒரு தாள்ல அந்தப் பேருக்கு நேரா ஒரு கோடு போடும். ஒரு கோடு விழுந்தா அந்த பேண்டுக்கு அன்னிக்குக் கொஞ்சம் பணம் மிச்சம். ஏன்னு அப்புறம் சொல்றேன்.

டிக்கெட் 2,000-லிருந்து 3,000 யென். அதோட "ஒரு ட்ரிங்க்" கட்டாயம், 600 யென் பக்கம். காசு மாதிரி ஒரு டோக்கன் தருவாங்க, உள்ளே கவுண்டர்ல குடுத்து வாங்கிக்கலாம். பீர்தான்னு இல்லை, ஜிஞ்சர் ஏல், ஊலாங் டீ எதுவும் ஓகே. நான் எப்பவும் டீதான்.

நேரம் கவனம். கதவு ஆறரை, ஆட்டம் ஏழு. பத்து மணிக்கெல்லாம் முடிஞ்சிடும்.

கத்திப்பாரா:
பத்து மணிக்கா!! டோக்கியோவுல ராத்திரி வாழ்க்கைன்னு யூடியூப்ல காட்டுறது வேற எந்த ஊருங்க? எங்க வீட்ல டின்னரே ஒன்பதரைக்குத்தான்.

அக்கா, அது என்ன கட்டாய ட்ரிங்க்? நம்மூர் பப்புல கவர் சார்ஜ் மாதிரியா?

நிலா_கசாய்:
கொஞ்சம் வேற. தியேட்டர் மாதிரியான காட்சி அரங்குக்கு இங்க தனிச் சட்டம், தனி லைசென்ஸ். கட்டடம், கழிப்பறை எண்ணிக்கைன்னு நிபந்தனை ஏகப்பட்டது. பேஸ்மென்ட்ல ஒரு சின்ன இடத்தை வெச்சிருக்கிறவங்களால அதெல்லாம் முடியாது. அதனால சாப்பாட்டுக்கடை லைசென்ஸ் எடுத்துக்கிறாங்க. அப்போ வர்ற எல்லாருக்கும் ஏதாவது குடிக்கவோ சாப்பிடவோ வித்தாகணும். பேப்பர்ல நாம டீ குடிக்க வந்தவங்க. பக்கத்துல ஒரு பேண்டு வாசிச்சுக்கிட்டிருக்கு.

பழைய பெருச்சாளி:
நேரத்துக்குக் காரணம் கடைசி ரயில். நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்துல வண்டி நின்னுடும், மறுபடி ஓட ஆரம்பிக்க நாலரை, அஞ்சு ஆகும். வீடு ஒரு மணி நேரத் தூரத்துல இருக்கிறவங்கதான் பாதிக் கூட்டம். ஒன்பதரைக்கு மேல அவங்க முகத்தைப் பாருங்க, பாட்டு ஓடும்போதே போன்ல ரயில் நேரம் தேடுவாங்க. டாக்ஸில போயிடலாம்னு நினைக்காதீங்க. ஏறினதும் 500 யென்தான், ஆனா ராத்திரி பத்துக்கு மேல இருபது சதவீதம் கூட. கோஎஞ்சில இருந்து நிஷிகசாய் நகரத்தோட இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி. டிக்கெட்டைப்போல மூணு நாலு மடங்கு அழணும். நேரமானா மிதாகா பக்கத்துல இருந்து நேர் வண்டியும் குறைஞ்சிடும், நாகானோல இறங்கி மாறணும்.

யூடியூப் காட்டுறது கிளப். அதுக்கு வேற கதை. 1948-ல போட்ட சட்டம் ஒண்ணு, வாடிக்கையாளரை ஆடவிடுற கடை நள்ளிரவோட மூடணும்னு சொல்லிச்சு. பல வருஷம் போலீஸ் கண்டுக்கலை. 2010 வாக்குல ஒசாகால ஆரம்பிச்சு வரிசையா ரெய்டு. சுவத்துல "இங்கே ஆடக்கூடாது"ன்னு பலகை மாட்டின டான்ஸ் கிளப்பை நான் கண்ணால பார்த்திருக்கேன். ஆட்டக்காரங்களும் இசைக்காரங்களும் கையெழுத்து வாங்கிப் போராடி, 2016 ஜூன்ல இருந்து திருத்தம் அமலுக்கு வந்துச்சு. இப்போ உள்ளே வெளிச்சம் பத்து லக்ஸுக்கு மேல இருந்தா, அதுக்குன்னு லைசென்ஸ் எடுத்து விடிய விடிய நடத்தலாம். சினிமா தியேட்டர்ல இடைவேளைக்கு விளக்கு போடுவாங்களே, கிட்டத்தட்ட அந்த வெளிச்சம்னு சொல்வாங்க.

சுங்குவார்:
நிலா, அந்தக் கோடு போடுற கதையைப் பாதியில விட்டுட்டீங்க.

நிலா_கசாய்:
சொல்றேன். நான் ஒரு பேண்டுல பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். நாலு பேர், எல்லாரும் வேலைக்குப் போறவங்க, ரெண்டு பேர் ஜப்பானியர். எங்களை மாதிரி பேர் இல்லாத பேண்டுக்கு லைவ் ஹவுஸ் இடம் குடுக்கணும்னா நொருமா உண்டு. அதாவது டிக்கெட் இவ்வளவு வித்துக் குடுக்கணும்னு கணக்கு. டிக்கெட் 2,000 யென், நொருமா 15 டிக்கெட்னு வெச்சுக்கோங்க, மொத்தம் 30,000. எங்க பேரைச் சொல்லி ஆறு பேர்தான் வந்தாங்கன்னா, மிச்சம் ஒன்பது டிக்கெட்டுக்கு 18,000 யென்னை நாங்க கையில இருந்து கட்டணும். பதினஞ்சைத் தாண்டினா அதுக்கு மேல வர்றதுல பாதியோ என்னவோ எங்களுக்குத் திரும்பும். தாண்டறது லேசுல நடக்காது.

வாசல்ல போடுற கோடு இந்தக் கணக்குக்குத்தான்.

சுங்குவார்:
என்னங்க அநியாயம் இது! வாசிக்கிறவன் காசு கட்டணுமா? எங்க ஊர்ல கோயில் திருவிழாவுக்கு லைட் மியூசிக் கூப்பிட்டா அட்வான்ஸ் குடுத்தாதான் வேனையே எடுப்பாங்க. நடுராத்திரி புரோட்டா வேற வாங்கிக் குடுக்கணும். இங்க உழைக்கிறவன்கிட்டயே வசூல். பச்சையா சொன்னா கொள்ளை.

நிலா_கசாய்:
நானும் மொதல்ல அப்படித்தான் கொதிச்சேன். ஆனா அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்குதுன்னும் பாருங்க. ட்ரம்ஸ், மார்ஷல் ஆம்ப், பேஸ் ஆம்ப், ரோலண்ட் ஜாஸ் கோரஸ் (அதுவும் கிட்டார் ஆம்ப்தான்), எல்லாம் அங்கேயே தயாரா இருக்கும். அந்த ஜாஸ் கோரஸ் இல்லாத லைவ் ஹவுஸை நான் இன்னும் பார்க்கலை. நாங்க கிட்டாரை முதுகுல மாட்டி ரயில்ல போயிடுவோம். ட்ரம்மர் ஸ்னேரும் பெடலும் சிம்பலும் மட்டும் தூக்கிட்டு வருவார். வேன் கிடையாது, ஆள் வைக்க வேண்டாம். சவுண்டுக்கு ஒருத்தர், லைட்டுக்கு ஒருத்தர், ரெண்டு பேரும் கைதேர்ந்தவங்க.

மதியமே ரிகர்சல். கடைசியா வாசிக்கப்போற பேண்டு முதல்ல ரிகர்சல் பண்ணும், முதல்ல வாசிக்கிற பேண்டு கடைசில. அப்போ கதவு திறக்கும்போது முதல் பேண்டோட செட்டப் மேடைல அப்படியே இருக்கும், யாரும் எதையும் நகர்த்த வேண்டாம். ஏழு மணின்னா ஏழு மணிக்கு முதல் அடி விழும். நாலு பேண்டு, ஆளுக்கு அரை மணி, நடுவுல பத்துப் பதினஞ்சு நிமிஷம், அதுக்குள்ள மேடை மாறிடும். மேடைக்குப் பக்கவாட்டுல நின்னு அந்த மாத்தத்தைப் பார்க்கிறதே எனக்கு ஒரு கச்சேரி. கேபிளைச் சுருட்டுறதுல கூட ஒரு ஒழுங்கு.

வாடகை டோக்கியோ வாடகை. நாப்பது பேர் வந்து டீ குடிச்சா கடை நடக்குமா?

மிருதங்கம்64:
சுங்குவார் அவர்களுக்கு, கோபப்படுவதற்கு முன் மயிலாப்பூர்ப் பக்கம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். மார்கழி சீசனில் மதியம் ஒரு மணி ஸ்லாட் கிடைத்த பிள்ளைகளைக் கேளுங்கள். அனுமதி இலவசம், சன்மானம் பேருக்கு. வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் கைக்காசு போட்டுக் கொடுத்த பெற்றோர்கள் எத்தனையோ பேர். "நன்கொடை" என்ற பேச்சு காதில் விழாத சீசன் ஏது? ஹாலில் உறவினர் பத்துப் பேர், கேன்டீனில் நூறு பேர்.

ஜப்பான்காரன் அதை ரசீது போட்டு வாங்குகிறான். குறைந்தபட்சம் எவ்வளவு என்று முன்னாலேயே தெரிகிறதே.

சுங்குவார்:
ஐயா, அங்கயும் தப்பு நடக்குதுங்கிறதால இங்க நடக்கிறது சரியாயிடுமா? சபாவுல மேல ஏற ஒரு படிக்கட்டாவது இருக்கு. மதியம், அப்புறம் நாலு மணி, அப்புறம் ராத்திரி. நிலா சொல்ற கணக்குல கடைக்காரனுக்குக் கூட்டம் வரணும்கிற கவலையே இல்லையே. பதினஞ்சு டிக்கெட் பணம் எப்படியும் வந்துடும். அப்புறம் அவன் ஏன் நல்ல பேண்டைத் தேடிப் போடணும்? யார் காசு கட்டுறாங்களோ அவங்களுக்கு இடம்.

மட்டக்களப்பான்:
சுங்குவார் சொல்லுறதிலதான் விசயம் இருக்கு. நான் இஞ்ச கனகாலமா இருக்கிறன். கிழமை நாளில ஷிபுயாப் பக்கம் சின்ன லைவ் ஹவுஸ் ஒண்டுக்குப் போய்ப் பாருங்கோ. நிக்கிற சனத்தில அரைவாசிப் பேர் முதுகில கிட்டார் பையோட நிப்பினம். இண்டைக்கு நீ என்ர டிக்கெட்டை வாங்கு, அடுத்த கிழமை நான் உன்ர டிக்கெட்டை வாங்குறன். காசு வட்டமாச் சுத்துது, கடை மட்டும் ஒவ்வொரு சுத்திலயும் தன்ர பங்கை எடுக்குது. கேக்கிறதுக்கெண்டு வாற ஆள் மெல்ல மெல்ல இல்லாமப் போறான்.

ஆனா ஜாஸ் கடையள் உப்பிடி இல்லை. அங்க நாங்கள் குடுக்கிற மியூசிக் சார்ஜை வாசிக்கிற ஆக்களும் கடையும் பிரிச்செடுப்பினம். சனம் வராட்டி ரெண்டு பேருக்கும் நட்டம். அதாலதான் பெருச்சாளி அண்ணை சொன்ன கடையள் ஐம்பது வருசம் நிண்டுபிடிக்குது எண்டு நான் நினைக்கிறன்.

கத்திப்பாராத் தம்பி, உங்களுக்கு ஒரு வழி சொல்லுறன். ஷிஞ்சுக்குவில பிட் இன் எண்டு ஒரு ஜாஸ் இடம், 1965இல துவங்கினது. அங்க கனநாளில பகலும் நடக்கும். பகல் ஷோ இளம் ஆக்களுக்கு, விலை இரவை விடக் குறைவு. கதிரை எல்லாம் மேடையைப் பாத்தபடி வரிசையாப் போட்டிருக்கும், ஆரும் கதைக்க மாட்டினம். இண்டைக்குப் பெரிய பேர் எடுத்த ஆக்கள் கனபேர் ஒருகாலத்தில அந்தப் பகல் ஷோவில வாசிச்சவைதான். சுங்குவார் கேட்ட படிக்கட்டு அங்க இருக்கு.

வேட்டைக்காரன்_ஷிஞ்சுக்கு:
எல்லாரும் சங்கீத சபா நடத்துறீங்க, கபுகிச்சோ பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கலையே 😀 கோல்டன் காய்ல ஆறு சீட்டு பார்ல உட்கார்ந்து பாருங்க, அதுதான் நைட் லைஃப்.

பழைய பெருச்சாளி:
கோல்டன் காய் நல்ல இடம்தான், இல்லைங்கலை. ஆறு சந்துக்குள்ள இருநூறுக்கு மேல குட்டி பார். ஆனா அங்க கேசட்டும் ரெக்கார்டும் ஓடும், ஆள் வாசிக்கிறது அபூர்வம். உட்கார்ந்ததும் சீட்டுக்குன்னு காசு போடுவாங்க, வாசல்ல எழுதியிருக்கும், படிச்சுட்டு ஏறுங்க.

கபுகிச்சோல தெருவுல கூப்பிடுறவன் பின்னால மட்டும் போகக்கூடாது. ஒரு மணி நேரம் 3,000 யென்னு சொல்லிக் கூட்டிட்டுப் போவான், பில்லு லட்சத்துல வரும். கார்டைப் பிடுங்கித் தேய்ச்ச கதையும் உண்டு, குடிச்ச கிளாஸ்ல மயக்க மருந்து கலந்த கதையும் உண்டு. நல்ல கடைக்குத் தெருவுல ஆள் பிடிக்கிற வேலை இல்லை. இன்னொண்ணு, ஷிபுயா ஸ்டேஷனைச் சுத்தி சாயந்தரம் ஆறுல இருந்து காலைல அஞ்சு வரைக்கும் தெருவுல குடிக்கிறது 2024 அக்டோபர்ல இருந்து வருஷம் முழுக்கத் தடை. கேனை உடைச்சுக்கிட்டு நடக்காதீங்க.

நிலா_கசாய்:
மட்டக்களப்பு அண்ணா சொன்ன வட்டம் உண்மை. போன தடவை எங்களைப் பார்க்க வந்தவங்கள்ல யாருக்கு அடுத்த மாசம் நான் டிக்கெட் வாங்கணும்னு போன்ல ஒரு லிஸ்டே இருக்கு. அதுல எனக்கே வெறுப்புதான். கடைக்காரங்கள்லயும் ரெண்டு வகை உண்டு. ஒருத்தர் நாங்க வாசிச்சு முடிச்சதும் கூப்பிட்டு உட்கார வெச்சு, மூணாவது பாட்டுல பேஸ் எங்க சேறாச்சுன்னு சொல்லி, எங்களுக்கு ஒத்துப்போற இன்னொரு பேண்டோட அடுத்த தேதி குடுத்தார். இன்னொரு இடத்துல கவரை வாங்கி எண்ணினாங்க, "ஓட்சுகாரே"ன்னாங்க (வேலை முடிஞ்சதும் ஒப்புக்குச் சொல்றது), அவ்வளவுதான். நொருமா ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான்.

நான் ஏன் இன்னும் கட்டுறேன்னா, இந்த ஊர்ல வீட்டுல ஆம்ப்பைத் திறக்க முடியாது. சுவர் காகிதம். முழு சத்தத்துல, நல்ல சவுண்டு ஆளோட, முன்பின் தெரியாத ஆறு பேர் முன்னால வாசிக்க எனக்கு வேற இடமில்லை. கோல்ஃப் ஆடுறவங்க இதைவிட அதிகம் கட்டுறாங்க, அவங்களை யாரும் பாவம்னு சொல்றதில்லை. ஆனா இதையே பிழைப்பா நம்பி வர்ற இருபது வயசுப் பசங்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்க சுங்குவார் பக்கம்தான் நான்.

சுங்குவார்:
இப்போ சரி. அப்போ டோக்கியோ லைவ் ஹவுஸ்ல மேடைக்குக் கீழ இருக்கிறவங்களை விட மேல இருக்கிறவங்கதான் பெரிய கஸ்டமர்னு எடுத்துக்கிறேன்.

மிருதங்கம்64:
குடிப்பழக்கம் இல்லாதவர்களுக்கும் ஒரு இடம் சொல்லிவிடுகிறேன். ஜாஸ் கிஸ்ஸா என்பார்கள். நேரடி வாசிப்பு கிடையாது, இசைத்தட்டுதான். போருக்குப் பிறகு வெளிநாட்டு இசைத்தட்டு ஒன்று வாங்குவது சாதாரணச் சம்பளக்காரருக்கு எட்டாத காரியம். ஒரு காபி விலைக்கு மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்கலாம் என்று இந்தக் கடைகள் பெருகின. யொத்சுயாவில் ஈகிள் 1967 முதல் இருக்கிறது. பகல் நேரத்தில் பேச்சுக்கே இடமில்லை. என் மனைவி "இதைப்போல நம் வீட்டிலும் ஒரு பலகை மாட்டலாம்" என்றாள். ஷிபுயாவில் லயன் என்று மேற்கத்திய செவ்வியல் இசைக்கு 1926-ல் தொடங்கிய கடை. நாற்காலிகள் எல்லாம் ஆளுயர ஒலிபெருக்கியைப் பார்த்தபடி இருக்கும். கோயிலில் சந்நிதியைப் பார்த்து உட்காருவதுபோல் உட்கார்ந்திருப்பார்கள்.

கத்திப்பாரா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு வரும்னு எதிர்பார்க்கலை. சனிக்கிழமை பிட் இன் பகல் ஷோ, அங்கிருந்து கோஎஞ்சி, ராத்திரி ஜிரோகிச்சின்னு திட்டம். மூணு சந்தேகம். ஒண்ணு, முன்பதிவு வேணுமா? ரெண்டு, சிகரெட் புகை எனக்கு ஆகாது. மூணு, நான் சைவம், உள்ளே ஏதாவது கிடைக்குமா?

பழைய பெருச்சாளி:
ஜிரோகிச்சி சின்ன இடம், பேர் இருக்கிறவங்க வாசிக்கிற நாள்ல நிக்க இடம் இருக்காது. முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க. ஷிஞ்சுக்குல இருந்து கோஎஞ்சிக்குச் சனிக்கிழமைல மஞ்சள் வண்டி (லோக்கல்), ஆரஞ்சு வேண்டாம். புகை முன்ன மாதிரி இல்லை, 2020 ஏப்ரல்ல சட்டம் வந்ததுக்கு அப்புறம் பெரும்பாலான இடத்துல உள்ளே பிடிக்க முடியாது, சில இடத்துல தனி அறை இருக்கும்.

நிலா_கசாய்:
சைவம்னா ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ், எடமாமே (அவிச்ச பச்சை சோயா). அதுக்கு மேல நம்பாதீங்க, சாலட் மேலகூட காய்ஞ்ச மீன் தூவியிருப்பாங்க. சாப்பிட்டுட்டே போங்க. ராக் இடத்துக்குப் போற அன்னிக்கு நூறு யென் கடைல இயர் பிளக் ஒண்ணு வாங்கிக்கோங்க. லேப்டாப் பையோட போனா லாக்கர்ல வைக்க சில்லறை வேணும்.

மட்டக்களப்பான்:
சனிக்கிழமை பிட் இன்னுக்கு நானும் வாறன் தம்பி. தனி மெசேஜில நேரம் போடுங்கோ.